முதலில் பேசுகிறவன் யார்?

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு, வில்லன் எப்படி மேடைக்கு வருவான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூத்துக் களத்தில் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் சலங்கைச் சத்தம் கேட்கும். கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேலே தெரியும். முகவீணையும் மிருதங்கமும் ஏறிக்கொண்டே போகும். உள்ளேயிருந்து பாட்டு வரும். கட்டியக்காரன் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "யாரய்யா வந்திருக்கிறது, பேரு என்ன, ஊரு என்ன?" என்று கேட்பான். வந்தவன் தன் பெயர், குலம், நாடு, தம்பிமார் என்று எல்லாவற்றையும் தானே சொல்வான். பிறகுதான் திரை விலகும். துரியோதனன் களத்தைச் சுற்றிச் சுழன்று வருவான். சின்னப் பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும்.

கட்டைக்கூத்தில் வில்லன் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. நான் இன்னார், எனக்கு இவ்வளவு அதிகாரம் என்று சபையறியச் சொல்லிவிட்டுத்தான் பகடையை உருட்டுகிறான், துகிலை உரியச் சொல்கிறான். அவனைக் கேள்வி கேட்கவும் கிண்டல் செய்யவும் கட்டியக்காரன் பக்கத்திலேயே இருக்கிறான். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்கும். வீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஊர் எழுந்து வீட்டுக்குப் போகும். கெட்டவன் யார் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைப் பேச எடுத்துக்கொண்டோம். ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒரு தங்கைக்கு அது பாடத்தில் இருந்தது. முதல் காட்சியை வாசித்து முடித்ததும் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "இவன் துரியோதனன் மாதிரி வரலையே. வந்தது வில்லன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் நம் ஊரில் சாதியும் பெரும்பாலும் துரியோதனன் மாதிரி வருவதில்லை.

முதல் காட்சியில் நடப்பதைப் பார்ப்போம். ஊர் வெனிஸ். நேரம் நள்ளிரவு. தெருவில் இரண்டு பேர். ஒருவன் இயாகோ, படையில் கொடி பிடிக்கும் நிலையில் இருப்பவன். இன்னொருவன் ரோடரிகோ, பணக்காரன், ஏமாளி. தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு காசியோ என்பவனுக்குப் போய்விட்டது என்று இயாகோ புலம்புகிறான். தன் தளபதியின் கீழ் வேலை செய்வதே தன் காரியத்துக்காகத்தான், வெளியே தெரிகிற ஆள் தான் அல்ல என்று வாய்விட்டே சொல்கிறான். பிறகு இருவரும் பிரபான்ஷியோ என்ற செல்வாக்குள்ள பெரிய மனிதரின் வீட்டுக்கு முன்னால் நின்று கத்துகிறார்கள். திருடன் வந்துவிட்டான், வீட்டைப் பார், பெண்ணைப் பார், பணப்பையைப் பார் என்கிறான் இயாகோ. வீடு, பெண், பணப்பை மூன்றும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. மகள் ஒதெல்லோவை மணந்துவிட்டாள் என்பதுதான் செய்தி. அந்தச் செய்தியை அவன் திருமணம் என்று சொல்வதில்லை. மிருகங்களின் இணைசேர்க்கையாக, கறுப்பு நிறத்தைச் சொல்லிச் சொல்லி, ஒரு தகப்பனின் காது கூசும்படி வர்ணிக்கிறான்.

இந்தக் காட்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒதெல்லோ என்ற பெயர் இதில் ஒருமுறைகூட வராது. 'மூர்' என்ற இன அடையாளம் வருகிறது, உதட்டைச் சொல்லி ஏளனம் வருகிறது, மிருகங்கள் வருகின்றன, பெயர் மட்டும் வருவதில்லை. நாடகத்தின் நாயகன் பெயர் மூன்றாவது காட்சியில், ஆட்சிமன்றத்தில், நாட்டின் தலைவர் வாயிலிருந்துதான் முதன்முதலில் வருகிறது. டெஸ்டிமோனாவின் பெயரும் அப்படித்தான். முதல் காட்சியில் அவள் வெறும் 'மகள்'. இரண்டாம் காட்சியில் அவளைப் பெயர் சொல்லி முதலில் குறிப்பிடுகிறவன் அவளை நேசிக்கும் ஒதெல்லோதான். ஆனால் இயாகோவின் பெயர் நாடகம் தொடங்கிய உடனேயே சொல்லப்பட்டுவிடுகிறது. வில்லனுக்குப் பெயர் இருக்கிறது, குறை இருக்கிறது, நியாயம்போல் ஒன்று இருக்கிறது. காதலித்தவர்களுக்கு அடையாளம் மட்டும்தான்.

இயாகோ அறிமுகமாவது இப்படித்தான். அவன் தன்னைப் பற்றிப் பேசுவதைவிட இன்னொருவனைப் பற்றி அதிகம் பேசுகிறான். ஒதெல்லோ மேடைக்கு வருவதற்கு முன்பே அவனைப் பற்றிய சித்திரத்தை ஊருக்கு வரைந்து கொடுத்துவிடுகிறான். பிறகு என்ன செய்கிறான் தெரியுமா? பிரபான்ஷியோ கீழே இறங்கி வருவதற்குள், தளபதிக்கு எதிராக நான் நிற்பதை யாரும் பார்க்கக்கூடாது என்று சொல்லி நழுவிவிடுகிறான். அடுத்த காட்சியில் ஒதெல்லோவின் பக்கத்தில் நிற்கிறான். உங்களைப் பற்றித் தப்பாகப் பேசியவனைக் குத்தியிருப்பேன், பொறுத்துக்கொண்டேன் என்கிறான். நாடகம் முழுக்க எல்லோரும் அவனை நேர்மையானவன் என்றே அழைக்கிறார்கள். கொளுத்திப் போட்டவனே தண்ணீர் குடத்தோடு முதல் ஆளாக ஓடி வருகிறான்.

இந்த நாடகம் 1604 நவம்பர் 1 அன்று இங்கிலாந்து அரசவையில் நடந்ததாகப் பதிவு இருக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய வெள்ளைக்காரன் நாடகம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சாதியை அறிந்தவர்களுக்கு இது நம் வீட்டுக் கதை. மலையாளத்தில் 1997இல் 'களியாட்டம்' எடுத்த ஜெயராஜ் ஒதெல்லோவைத் தெய்யம் ஆடும் கலைஞனாக மாற்றினார். இந்தியில் 2006இல் 'ஓம்காரா' எடுத்த விஷால் பரத்வாஜ் நாயகனின் பிறப்பில் சாதிக் கேள்வியை வைத்தார். நிறம் இருந்த இடத்தில் சாதியை வைத்தால் கதை ஓர் அங்குலம்கூட நகர வேண்டியதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தகப்பனைக் கொஞ்சம் பாருங்கள். பிரபான்ஷியோ ஒதெல்லோவைப் பலமுறை வீட்டுக்கு அழைத்தவர். உட்காரவைத்து அவனுடைய போர்க்கதைகளைக் கேட்டவர். வீட்டுக்கு வரலாம், பேசலாம், சாப்பிடலாம், பெண்ணை மட்டும் கட்டக்கூடாது. இந்த வரம்பை நாம் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் பார்த்திருக்கிறோம்! "எங்க பசங்ககூட நல்லாப் பழகுவான்" என்று சொல்லும் அதே வாய், காதல் என்று தெரிந்ததும் வேறு பேசும். இன்னொன்று. ரோடரிகோ டெஸ்டிமோனாவை விரும்பி அந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது, வரக்கூடாது என்று விரட்டியவர் இதே பிரபான்ஷியோ. செய்தி கேட்ட சில நிமிடங்களில், உனக்கே கொடுத்திருக்கலாமே என்று அவனிடம் வருந்துகிறார். குடிகாரனாக இருந்தாலும் நம்ம ஆளாக இருந்தால் போதும் என்று நம்மூரில் சொல்வார்களே, அதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் ஒன்று உண்டு. செய்தியைக் கேட்டதும், இப்படி ஒன்று நடப்பதாகக் கனவு கண்டேன் என்கிறார் அந்தத் தகப்பன். இயாகோ புதிதாக எதையும் விதைக்கவில்லை. அந்த அச்சம் அவருக்குள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தது. இவன் நடுராத்திரியில் எழுப்பிவிட்டான், அவ்வளவுதான். சாதிவெறிப் பேச்சாளர்கள் மேடையில் செய்வதும் இதைத்தான். அவர்கள் கற்பிப்பதைவிட எழுப்புவது அதிகம். 'வெறும் பேச்சுத்தானே' என்று அதை ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

தமிழ்நாட்டின் முதல் காட்சி ஒன்றை நினைவுபடுத்துகிறோம். 2012இல் தருமபுரியில் இளவரசன் என்ற தலித் இளைஞரும் வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணும் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அன்றே நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் தண்டவாளத்தின் அருகே பிணமாகக் கிடந்தார். இடையில் நடந்த ஒன்றைக் கவனியுங்கள். வீடுகள் எரிந்த சில வாரங்களில், தலித் அல்லாத சாதி அமைப்புகளை ஒன்றுதிரட்டிய பாமக நிறுவனர் ராமதாஸ், ஜீன்ஸும் டிஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல் ஊரெங்கும் பரவியது.

அந்தச் சொல்லின் வேலையை யோசித்துப் பாருங்கள். அன்றிலிருந்து எந்தத் தலித் இளைஞன் எந்தப் பெண்ணோடு பேசினாலும், அவன் வாய் திறப்பதற்கு முன் அந்தச் சொல் அவனை அறிமுகப்படுத்திவிடுகிறது. அவன் படிப்பு, வேலை, குணம் எதுவும் பிறகுதான், சில நேரம் வருவதே இல்லை. பிரபான்ஷியோ ஆட்சிமன்றத்தில் வைக்கும் குற்றச்சாட்டும் இதுதான்: என் மகள் தானாக இவனை விரும்பியிருக்க முடியாது, மருந்தும் மந்திரமும் வைத்துவிட்டான். அன்று வசிய மருந்து, இன்று கூலிங் கிளாஸ். இரண்டிலும் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு மனம் இருக்கிறது என்பது மறுக்கப்படுகிறது. இரண்டிலும் ஆணுக்கு மனிதன் என்ற தகுதி மறுக்கப்படுகிறது. உண்மையில் யார் நாடகம் போடுகிறார்கள் என்று கேட்டால், திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பவர்கள்தான் போடுகிறார்கள்.

ஆட்சிமன்றக் காட்சியிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. உன் மகளை மயக்கியவன் என் மகனாகவே இருந்தாலும் தண்டனையை நீயே முடிவு செய் என்கிறார் நாட்டின் தலைவர். அது ஒதெல்லோ என்று தெரிந்ததும் அவன் பக்கத்தையும் கேட்கிறார், டெஸ்டிமோனாவை அழைத்துச் சாட்சி கேட்கிறார். அவள் சபையில் நின்று, நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்று தெளிவாகச் சொல்கிறாள். வழக்கு முடிகிறது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அன்றிரவு துருக்கியக் கப்பல்கள் சைப்ரஸை நோக்கி வந்துகொண்டிருந்தன, அரசுக்கு ஒதெல்லோவின் வாள் தேவைப்பட்டது. கப்பல் வராத இரவில் என்ன தீர்ப்பு வந்திருக்கும்? நம்மிடம் உழைப்பும் ஓட்டும் தேவைப்படும் நாளில் கிடைக்கும் நீதி எது, தேவைப்படாத நாளில் கிடைப்பது எது என்று அறிந்தவர்கள் நாம்.

நாங்கள் சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையர்களோடு வேலை செய்கிறோம். எங்கள் அனுபவத்தில், வீச்சரிவாளோடு வந்தவனை எல்லோருக்கும் அடையாளம் தெரிகிறது. அவனுக்கு முன்னால் வந்தவனைத்தான் தெரிவதில்லை. தறி ஓடும் தெருவில் செய்தி எப்படிப் பரவும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பாவு ஓட்டும் இடத்தில் ஒருவர், டீக்கடையில் ஒருவர், கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர். "உங்க நல்லதுக்குத்தான் அண்ணே சொல்றேன்", "ஊர்ல தலை காட்ட முடியுமா", "தம்பிங்க இருக்கானுங்க, சும்மா இருந்துட்டானுங்களே". இதைச் சொல்பவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். மறுநாள் சமாதானம் பேசவும் அவரே வருவார். அவர் கையில் ரத்தம் இருக்காது. இப்போது இந்த வேலையை வாட்ஸ்அப் குழுக்களும் செய்கின்றன.

சிறப்புத் திருமணச் சட்டம், 1954 இதில் தன் பங்குக்கு ஒரு திரையை விலக்கிக் கொடுக்கிறது. திருமணம் செய்ய விரும்புகிறவர்கள் கொடுக்கும் அறிவிப்பு 30 நாள் அலுவலகப் பலகையில் தொங்க வேண்டும், யாரும் ஆட்சேபம் சொல்லலாம். வீட்டுக்குப் பயந்து வருகிற இருவரின் பெயரும் முகவரியும், அவர்கள் தங்கள் வாயால் சொல்வதற்கு முன், இன்னொருவர் வாயால் வீட்டுக்குப் போய்ச் சேர இதைவிட என்ன வேண்டும்? அரசு கொடுக்கும் உதவித்தொகையின் பெயரைக்கூடப் பாருங்கள். 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம்.' கலப்பு என்றால் ஏதோ சுத்தமானது ஒன்று கெட்டுப்போனது என்றுதானே பொருள் வருகிறது? அறிமுகம் செய்யும் சொல்லிலேயே தீர்ப்பு இருக்கிறது. நாம் சாதி மறுப்புத் திருமணம் என்று சொல்வது அதனால்தான்.

இதுவரை எழுதியது எளிது. இனி எழுதுவது எங்களுக்குக் கடினமானது.

டெஸ்டிமோனாவைக் கொன்றது இயாகோ அல்ல, ஒதெல்லோ. வாசிப்பு வட்டத்தில் அதே தங்கை இதையும் கேட்டார். "அண்ணா, எல்லாரும் இயாகோவையே பேசுறோம். கழுத்த நெரிச்ச கை யாருது?" ஆண் தோழர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கேள்வி நியாயமானது. ஒதெல்லோ ஒடுக்கப்பட்டவன் என்பதால் அந்தக் கொலை கொலை இல்லாமல் போய்விடாது. அவன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்று பார்த்தால், நாடகத்தில் ஒரு சரடு ஓடுகிறது. ஆட்சிமன்றத்தில் தோற்றுப்போன பிரபான்ஷியோ கிளம்பும்போது ஒதெல்லோவிடம் ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போகிறார்: தகப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம். இயாகோ அதைக் காதில் வாங்கி வைத்துக்கொள்கிறான். மூன்றாம் அங்கத்தில் அதையே ஒதெல்லோவின் காதில் திரும்ப ஊற்றுகிறான். தன்னைப் பற்றி வெனிஸ் என்ன நினைக்கிறது என்பதை ஒதெல்லோ கடைசியில் தானே நம்பத் தொடங்குகிறான். என்னை இவள் எப்படி உண்மையாக நேசித்திருக்க முடியும் என்று தன் நிறத்தையே எண்ணிச் சந்தேகிக்கிறான்.

இதை நாங்கள் வீடுகளில் பார்த்திருக்கிறோம். எதிர்ப்பையெல்லாம் தாண்டித் திருமணம் செய்த சில ஆண்டுகளில், ஒரு சண்டையில், "அப்பன் ஆத்தாளையே விட்டுட்டு வந்தவதானே நீ" என்று கணவன் வாயிலிருந்து வருகிறது. பெண்ணின் தைரியமே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. அதைச் சொல்லும்போது நம் தம்பி இயாகோவின் வசனத்தைத்தான் பேசுகிறான். சாதியும் ஆணாதிக்கமும் ஒரே தறியில் ஓடும் பாவும் ஊடையும். ஒன்றை அறுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. 1916இல் சாதிகளின் தோற்றத்தைப் பற்றிக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தபோதே, அகமணமே சாதியின் அடிப்படை என்றும், அதைக் காக்கப் பெண்ணின் வாழ்வு எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்றும் அண்ணல் அம்பேத்கர் சொல்லிவிட்டார். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி கடந்த திருமணமே உண்மையான மருந்து என்றார். அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் நம் வீட்டுக்குள்ளும் சமத்துவம் இருக்க வேண்டும்.

இயாகோவைப் பிடித்துக் கொடுத்தவர் யார் என்பதையும் பேச வேண்டும். வீரர்கள் யாரும் இல்லை, அறிவாளிகள் யாரும் இல்லை. அவன் மனைவி எமிலியா. வாயை மூடு, வீட்டுக்குப் போ என்று கணவன் மிரட்டியும், எல்லோர் முன்னிலையிலும் உண்மையைச் சொல்கிறாள். அதற்காக அவன் கையாலேயே சாகிறாள். கூத்தில் கட்டியக்காரன் முதல் நிமிடத்தில் கேட்கும் கேள்வியை, அந்த நாடகத்தில் ஒரு பெண் கடைசி நிமிடத்தில் கேட்கிறாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாடகம் முடியும்போது டெஸ்டிமோனா இல்லை, ஒதெல்லோ இல்லை, எமிலியா இல்லை, ரோடரிகோ இல்லை, மகளைப் பிரிந்த துயரத்தில் பிரபான்ஷியோவும் இல்லை. பிடிபட்டாலும் உயிரோடு இருப்பவன் இயாகோ. ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்கிறான். அவ்வளவு பேசியவன் பதில் சொல்லவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்கிறான்.

நம் மண்ணில் ஓர் எமிலியா உயிரோடு எழுந்து நின்றார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா, தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுதலை செய்தது, மற்ற ஐவரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. தூக்குத்தண்டனை வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தத் தீர்ப்பின் சரி தவறையும் இங்கே விவாதிக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறோம். வெட்டிய கையைச் சட்டத்தால் பிடிக்க முடிகிறது. கைக்கு முன்னால் யார் என்ன பேசினார்கள் என்பதை நிரூபிப்பது கடினமாகவே இருக்கிறது.

அதற்காகச் சட்டம் முழுக்க ஊமை என்று நினைக்க வேண்டாம். குற்றத்துக்குத் தூண்டுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் குற்றம், புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தத்தில் 3(1)(யு) என்ற பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எதிராகப் பேச்சாலோ எழுத்தாலோ பகையையும் வெறுப்பையும் தூண்டுவது அதன்படி குற்றம். மாணவர்கள் இந்தப் பிரிவை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மேடையில் ஒருவர் நம் இளைஞர்களை அறிமுகப்படுத்தும் முறை பற்றிப் புகார் எழுத வேண்டிய நாளில் இது பயன்படும். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவரின் திருமணத்தில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் உரிமை இல்லை என்றது. சாதிப் பஞ்சாயத்துக் கூடுவதையே காவல்துறை தடுக்க வேண்டும், மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் உதவி எண்ணும் வேண்டும், இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்றும் வழிகாட்டியது.

ஓட்டைகளும் இருக்கின்றன. தலித் இளைஞனைக் காதலித்ததற்காகத் தன் சொந்த மகளையே ஓர் ஆதிக்க சாதிக் குடும்பம் கொன்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நேரடியாகப் பொருந்துவதில்லை. கொல்லப்பட்டவள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவள் அல்ல. அதனால்தான் தனிச்சட்டம் கேட்கிறோம். மத்திய சட்ட ஆணையம் 2012இல் தந்த 242ஆவது அறிக்கையில், சட்டப்படியான ஒரு திருமணத்தைக் கண்டிப்பதற்காகக் கூட்டம் கூடுவதையே குற்றமாக்கும் வரைவை முன்வைத்தது. கொலை நடக்கும்வரை காத்திருக்காமல், முதல் காட்சியிலேயே தலையிடும் யோசனை அது. 2025 ஜூலை 27 அன்று நெல்லையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு தனிச்சட்டக் கோரிக்கை மீண்டும் எழுந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், ஆணவக்கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எந்தச் சட்டம் வந்தாலும் நாம் அதில் தேட வேண்டியது ஒன்றுதான்: அது அரிவாளை மட்டும் பார்க்கிறதா, அதற்கு முன் பேசிய வாயையும் பார்க்கிறதா?

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியது என்ன? மூன்று காரியங்கள் சொல்கிறோம்.

முதலாவது, அறிமுகத்தை நாம் முந்திக்கொள்வது. ஓர் இணையர் நம்மிடம் வந்தால் அவர்கள் பெயர், படிப்பு, வேலை, இருவரும் வயது வந்தவர்கள் என்பதற்கான சான்று, நாங்கள் விரும்பியே மணக்கிறோம் என்று இருவரும் தனித்தனியாகக் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவை காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு முதலில் போய்விட வேண்டும். 'பெண்ணைக் கடத்திவிட்டான்' என்ற புகார் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு நாம் சொல்வதெல்லாம் வெறும் பதில்தான். டெஸ்டிமோனா சபையில் பேசிய பிறகுதான் வழக்கு திரும்பியது. பெண்ணின் குரல் முதலில் பதிவாக வேண்டும்.

இரண்டாவது, கட்டியக்காரனின் கேள்வியைக் கேட்பது. கூத்தில் கட்டியக்காரனுக்குக் கிரீடம் கிடையாது, கட்டை கிடையாது. கோமாளி என்று சிரிப்பார்கள். ஆனால் ராஜாவைப் பார்த்து யார் நீ என்று கேட்கும் உரிமை அவனுக்குத்தான் உண்டு. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஒருவர் வந்தால், "அண்ணே, நீங்க யாரு, உங்களுக்கு இதுல என்ன?" என்று முகத்துக்கு நேராகக் கேட்க ஓர் ஆள் வேண்டும். தெருவில், வகுப்பறையில், வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆளாக இருங்கள். பலர் திரைக்குப் பின்னால் இருக்கும்வரைதான் தைரியசாலிகள்.

மூன்றாவது, நம்மை நாமே கேட்டுக்கொள்வது. நம் வீட்டில், நம் அமைப்பில், நம் நண்பர்கள் நடுவில் ஒரு பெண்ணைப் பற்றி அவள் இல்லாதபோது முதலில் பேசுகிறவன் யார்? அவனை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? நல்லவன் என்றா?

காஞ்சிபுரத்துப் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்து குருகுலம் நடந்தது. ஆண்கள் மட்டுமே வேடம் கட்டிவந்த கூத்தில் அங்கே பெண் பிள்ளைகளும் சலங்கை கட்டி, கிரீடம் வைத்து, திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வந்தார்கள். யார் யாரை அறிமுகப்படுத்துவது என்ற வழக்கம் மாறக்கூடியதுதான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. துரியோதனன் படுகளத்தில் விழுவதைப் பார்க்க ஊரே விடியவிடியக் காத்திருக்கிறது. இயாகோ விழுவதற்கு அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது, அதற்குள் நம் பிள்ளைகள் செத்துப்போகிறார்கள். அவன் வாயைத் திறக்கும் முதல் காட்சியிலேயே, திரையைப் பிடித்து இழுக்க வேண்டும்.

ஜெய்பீம்.